சபாபதி சார் வைத்த இரும்பு கேட்

எந்தச் சாவியும் பொருந்தவில்லை.

எங்கள் நலச் சங்கத்தின் பொருளாளர் வரதன், சாவிக் கொத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பூட்டுக்குள் விட்டுத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவருக்குப் பின்னால் பாடையைத் தோளில் சுமந்துகொண்டு நாங்கள் நான்கு பேர் நின்றோம். முன்னே கொள்ளிச் சட்டியோடு மோகன். சட்டியிலிருந்து வந்த புகை காற்றில்லாமல் எங்கள் முகத்தைச் சுற்றியே நின்றது.

பாடையில் கிடந்தவர் மோகனின் அப்பா சபாபதி சார். சங்கத்தின் தலைவர். வழியை மறித்து நின்றது அவரே முன்னின்று வைத்த இரும்பு கேட். அதற்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரத்தில், சுடுகாட்டுக் கொட்டகை தெரிந்தது.

பச்சை மூங்கில் என் இடது தோளை அறுத்தது. ரோஜா மாலையிலிருந்து தண்ணீர் சொட்டி என் கழுத்து வழியாக இறங்கியது. "கொஞ்சம் இறக்கி வைக்கலாமா?" என்று எனக்குப் பின்னால் சுமந்தவர் முனகினார்.

"ஐயையோ, வைக்கக் கூடாது சார்" என்றார் சங்கு ஊதுகிறவர். "தூக்கினா தூக்கினதுதான். அரிச்சந்திரன் கல்லாண்டதான் எறக்கணும்."

அரிச்சந்திரன் கல்லும் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அவர் சொல்லிவிட்டு, ஊதுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் சங்கைப் பாதி தூக்கிப் பிடித்தபடி நின்றார். ராகு காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அதில் பாதி எனக்கு இன்றும் விளங்கவில்லை என்று. விளங்காததை விளங்கிய மாதிரி எழுதும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்க்கடலைக் காட்டில் ஒரு நகர்

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் நகர். எண்பதுகளின் நடுவில் நான் மனை வாங்கியபோது அது வேர்க்கடலை போட்டு எடுத்த நிலம். மனைக்கு நாலு கல், நடுவில் செம்மண் கோடு, அதுதான் தெரு. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. காலையில் வேலைக்குக் கிளம்பினால் செருப்பில் ஒட்டிய செம்மண்ணை மின்சார ரயிலில் இருப்பவர்கள் பார்த்து, "புதுசா வீடு கட்டறீங்களா?" என்று விசாரிப்பார்கள். சென்னையின் தென்புறத்து ஆட்களுக்கெல்லாம் அப்போது செருப்புதான் விலாசம்.

தெருவின் ஒரு முனை ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம். மறுமுனை ஏரிக்கரைப் பக்கம். ஏரிக்கரைக்குக் கீழே சுடுகாடு. தெற்கே கொஞ்ச தூரத்தில் பழைய கிராமம். அதற்கு ஒரு பெயர் உண்டு என்றாலும் நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை, 'ஊர்' என்றுதான் சொல்வோம். "ஊர்ல பால் வாங்கிட்டு வந்தேன்." "ஊர்ல கரண்ட் இருக்காம், நமக்குத்தான் இல்லை." அப்படியானால் நாங்கள் இருந்த இடத்துக்கு என்ன பெயர் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மனை வாங்கும்போது என்னவெல்லாம் விசாரித்தோம் தெரியுமா! கிணற்றுத் தண்ணீர் உப்பா, ஸ்டேஷன் நடக்கிற தூரமா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா, மழைக்கு ஏரி உடைந்தால் எவ்வளவு தூரம் வரும், எல்லாம். ஏரிக்கரைக்குக் கீழே இருந்த கொட்டகையைப் பார்த்து என் மனைவி சரோஜா, "அது என்ன?" என்று கேட்டதற்கு மனை விற்றவர், "பழைய ஷெட்டும்மா" என்றார். நாங்களும் விட்டுவிட்டோம்.

சபாபதி சார் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். ஒல்லியான உடம்பு, கனத்த குரல். கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றத்தூர் மலைக்குப் போய்விட்டு வந்து தெரு முழுக்க விபூதி கொடுப்பார். சங்கம் தொடங்கியபோது அவரைத் தவிர வேறு யாரையும் தலைவராக யோசிக்கத் தோன்றவில்லை. அவர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலை கூட்டம். அவர் மனைவி கமலா அம்மா போண்டா போட்டு அனுப்புவார். தெரு விளக்குக்கு மனு, போரிங் பம்புக்கு மனு, பஸ்ஸை எங்கள் முனையில் நிறுத்தச் சொல்லி மனு. மனு எழுதுவதும் போண்டா தின்பதும்தான் எங்கள் உள்ளாட்சி.

பூ உதிர்ந்த தெரு

வீடுகள் முளைத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. ஊரில் யார் இறந்தாலும் எங்கள் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போவார்கள். எங்கள் மனைகளுக்கு முன்பு அங்கே வரப்பு இருந்ததாம். காலங்காலமாக அந்த வரப்பில் நடந்தவர்கள், வரப்பு தெருவான பிறகும் அதிலேயே நடந்தார்கள்.

சும்மா நடந்தால் யார் என்ன சொல்லப் போகிறோம்? மேளம், ஆட்டம், அணுகுண்டு வெடி. தெரு நெடுக ரோஜா இதழும் சாமந்தியும் பொரியும் சில்லறைக் காசும். பிள்ளைகள் காசு பொறுக்க ஓடும், அம்மாக்கள் அலறிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். ஒரு தடவை பரீட்சைச் சமயத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு சாவு. வரதன் வீட்டு ஜன்னல் கண்ணாடி வெடியில் விரிசல் விட்டது. அன்று மாடியில் நடந்த கூட்டத்தில் போண்டாவை யாரும் தொடவில்லை.

"இது குடும்பம் நடத்தற தெருவா, மயானத்துக்குப் போற வழியா?" என்று வரதன் மேஜையைத் தட்டினார்.

"ஊர்க்காரங்களுக்கு ஏரிக்கரை மேல ஒரு பாதை இருக்கே. சுத்துதான், ஆனா போகலாம்" என்றார் இன்னொருவர்.

எங்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மட்டும், "சார், எங்களுக்கு சர்ச்சுல இடம் இருக்கு. உங்களுக்கெல்லாம் எங்கேன்னு யாராவது யோசிச்சீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தோம். எங்கள் நகரில் அதுவரை ஒருவரும் இறக்கவில்லை. சபாபதி சாரைத் தவிர எங்களுக்கெல்லாம் முப்பது, முப்பத்தைந்து வயது. அப்பா அம்மா போனால் சொந்த ஊருக்கு ரயில் ஏறிப் போவோம். சாவு என்பது தந்தியில் வருகிற சமாசாரம்.

தெருக்கோடியில் கேட் போடுவது என்று முடிவாயிற்று. திருட்டு பயம் என்று காரணம் எழுதினோம். கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். வேண்டாம் என்பவர்கள் தூக்குங்கள் என்றபோதும் பாதி தூக்கினேன், வரதன் முறைத்ததும் இறக்கிவிட்டேன். எது சரி என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. சபாபதி சார் கடைசியில், "சங்கம் சொன்னா சரி" என்றார்.

பம்மலில் ஒரு பட்டறையில் சொல்லி கேட் செய்து வந்தது. ஆள் உயரத்துக்கு மேல், நுனியில் ஈட்டி வைத்து, பச்சை பெயின்ட் அடித்து ஜம்மென்று இருந்தது. பூட்டு என் உள்ளங்கை அகலம். சாவி தலைவரிடம். அன்றிலிருந்து தினமும் மாலையில், நாங்கள் ரயிலிறங்கித் தெருவுக்குள் வரும் நேரத்துக்குச் சரியாக, சபாபதி சார் தெருக்கோடிவரை நடந்து போவார். பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். பிறகு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போவார்.

ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தோம். வரவில்லை. ஊரில் பெரிய கை தனபால் அண்ணன். எங்கள் மனைகளில் பாதி அவர் குடும்பத்து நிலமாக இருந்ததுதான். பழைய பஞ்சாயத்தில் தலைவராக இருந்தவர், இப்போது மாட்டுத்தீவனக் கடையும் செங்கல், மணல் வியாபாரமும். அவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷர்கள், புரிந்துகொண்டார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அப்புறம் எப்போதாவது மாலையில் வரும்போது தெருவில் ஒரு சாமந்தி இதழ் கிடக்கும். பொரி இரண்டு கிடக்கும். "என்ன சரோஜா இது?" என்பேன். "யாரோ தலையிலேர்ந்து விழுந்திருக்கும். காபி ஆறுது, குடிங்க" என்பாள். நானும் குடித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வேன்.

இதுவும் இல்லை, அதுவும் இல்லை

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. எங்கள் நகரைப் பஞ்சாயத்திலிருந்து பிரித்து நகராட்சியில் சேர்க்கவேண்டும் என்று மனுமேல் மனு போட்டிருந்தோம். நகராட்சி என்றால் குழாயில் தண்ணீர் வரும், தார் ரோடு வரும், மனை விலை ஏறும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக ஆணை வந்துவிட்டது என்றார்கள். லட்டு கொடுத்தோம். எங்கள் கேட்தான் எல்லை என்றும் சொன்னார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் பஞ்சாயத்து.

லட்டு தின்ற மறுநாளே பஞ்சாயத்து ஆள் வருவது நின்றது. நகராட்சி ஆளும் வரவில்லை. தெரு விளக்கை மாலையில் போட்டுக் காலையில் அணைக்கிறவர் கடைசியாகப் போட்டுவிட்டுப் போனதுதான், பிறகு வரவில்லை. இரவும் பகலுமாகப் பல மாதம் எரிந்தது. அதை அணைக்கலாமா, அணைத்தால் யார் கேட்பார்கள் என்று மாடியில் ஒரு கூட்டமே நடந்தது. பஞ்சாயத்தில் கேட்டால், "நீங்கதான் டவுனுக்குப் போயிட்டீங்களே" என்றார்கள். நகராட்சியில் கேட்டால், "அங்கேயிருந்து உங்க பேப்பர் இன்னும் வரலை" என்றார்கள். கவுன்சிலர் யார் என்று கேட்கவும் வழியில்லை. அப்போது தேர்தலே நடக்காமல் தனி அதிகாரிதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் யார் ஆளுகையில் இருந்தோம் என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அந்த விளக்கு பகலில் எரிந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சபாபதி சார் போனார்.

"உங்க வார்டு எது?"

விடிகாலையில் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். கமலா அம்மா காபி கொண்டுவந்து கூப்பிட்டிருக்கிறார். பெங்களூரில் வேலையாயிருந்த மகன் மோகனுக்கு ஸ்டெல்லா டீச்சர் வீட்டு ஃபோனிலிருந்து சொன்னோம். மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான்.

அது வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐஸ் பெட்டி, பந்தல், பெஞ்சு. பிறகு யாரோ, "எங்கே எடுக்கறது?" என்று கேட்டார்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தோம். எந்த வேலைக்கு எந்த ஆபீஸ், எந்த மேஜை, எந்த நேரம் என்றெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. இதற்கு எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள், திண்டிவனம் பக்கத்தில் இருந்த பூர்வீக கிராமத்துக்கு வேன் வைத்துக் கொண்டுபோகலாம் என்றார்கள். உள்ளே சபாபதி சாரின் காலடியில் உட்கார்ந்திருந்த கமலா அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார்.

"எங்கேயும் கொண்டு போகக் கூடாது" என்றார். "இந்த வீட்ட கட்டறதுக்கு அவரு செங்கல்லுக்குத் தண்ணி ஊத்தினாரு. இங்கதான் இருப்பேன்னு சொல்லியிருக்காரு. வேன்ல ஏத்தினீங்கன்னா நான் குறுக்க படுத்துடுவேன்."

அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. வேன் பேச்சு அதோடு முடிந்தது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதே உறைக்கவில்லை. வாட்ச்மேன் மட்டும் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வார்டு எது?" என்றார்.

"இன்னும் வார்டு போடலை."

"வார்டே இல்லாம எப்பிடி சார் நகராட்சி? எங்க சுடுகாடு ரயில்வே லைனுக்கு அந்தாண்ட கீது. ஆனா வார்டு சொல்லணும்பாங்க. உங்க வூட்டாண்ட எதுவும் இல்லியா?"

"இருக்கு. அது பஞ்சாயத்துது."

"அப்ப அங்கியே போயிடுங்களேன் சார். பேஜார் இல்லாம."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஊர்க்காரர்களின் பாதையை அடைத்துவிட்டு, அவர்கள் சுடுகாட்டிலேயே போய் இடம் கேட்பது எப்படி? சைக்கிளை ஊர்ப் பக்கம் திருப்பினேன். வேறு வழியும் தெரியவில்லை.

தனபால் அண்ணன் தீவனக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். புண்ணாக்கு வாசனை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சமாசாரம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கண் சிவந்திருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. எங்கள் சங்கத் தலைவருக்காக இவர் எதற்கு அழுதார் என்று புரியாமல் நின்றேன்.

"அண்ணா, எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை..." என்று இழுத்தேன்.

"கேக்கறதுக்கு இன்னா சார் கீது? கட்டைக்குச் சொல்லியாச்சு. எந்த வயியா வருவீங்கோ?"

"கேட்டைத் திறந்து."

அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "சரி சார்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டு வந்தேன். கடைசி நேரத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள்களோடு வந்து மறிப்பாரோ என்றுகூடத் தோன்றியது.

மோகன் வந்து சேர்ந்தான். குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பாடையைத் தூக்கினோம். ஆணியில் எப்போதும் மாட்டியிருக்கும் சபாபதி சாரின் சாவிக் கொத்தை வரதன் ஞாபகமாக எடுத்துக்கொண்டார். அதில் இல்லாத சாவி வேறு எங்கே இருக்கப் போகிறது? ஒருவரும் முன்னால் போய்ப் பூட்டில் போட்டுப் பார்க்கவில்லை. பெண்கள் வழக்கப்படி பாதித் தெருவில் நின்று திரும்பிப் போய், வீடு கழுவக் குடம் குடமாகத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள். நாங்கள் கேட்டை நோக்கி நடந்தோம்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை

கொத்தில் இருந்த கடைசிச் சாவியும் திரும்பவில்லை. அது பீரோ சாவி.

"கல்லைப் போட்டு உடைங்க" என்றார் ஒருவர். "பிணத்தை வெச்சுக்கிட்டு உடைக்கறதாவது" என்றார் இன்னொருவர். "திரும்பிப் போய் ஏரிக்கரை வழியா சுத்திக்கலாம்" என்றார் மூன்றாமவர். "எடுத்ததைத் திருப்பவே கூடாது" என்று சங்குக்காரர் கத்தினார். எங்கள் சங்கக் கூட்டத்தில் நடப்பது அத்தனையும் அங்கே நடந்தது, தலைவர் மட்டும் பேசவில்லை. மோகன் கொள்ளிச் சட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அப்பா சாவியை எங்கதான் வெச்சாரு?" என்று எங்களிடம் கேட்டான். அவன் குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கா, அவனுக்கா, என் தோளுக்கா, தெரியவில்லை.

அப்போது அந்தப் பக்கம் மண் பாதையில் தனபால் அண்ணன் வேகமாக வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் பின்னால் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். மறிக்கத்தான் வருகிறார்கள் என்று வரதன் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தார்.

"இன்னா சார் இது, அவரை வெயில்ல நிக்க வெச்சுகினு!" என்றார் தனபால் அண்ணன்.

"சாவி பொருந்தலை" என்றார் வரதன்.

"அந்தக் கொத்துல எப்பிடி சார் இருக்கும்? சாவி என்கிட்டல்ல கீது."

அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியை அவிழ்த்தார். கம்பிக்கு இடையில் கையை விட்டு, எங்கள் பக்கம் தொங்கிய பூட்டை, பார்க்காமலே பிடித்துத் திறந்தார். பழகிய கை அது. பல தடவை அதே மாதிரி, அந்தப் பக்கத்திலிருந்தே திறந்த கை என்று பார்த்த உடனே தெரிந்தது. கேட் கொஞ்சம்கூடக் கிறீச்சிடவில்லை. கீலில் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள்.

"காலையிலயே எந்த வயியான்னு கேட்டேனே சார்" என்று என்னிடம் சொன்னார். "கேட்டு வயியான்னீங்கோ. சரி, பெரியவர்கிட்ட இன்னொரு சாவி இருக்கும்போலன்னு நெனச்சுகினேன்."

பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் தோளிலிருந்த மூங்கிலுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தார். நான் விலகினேன். கேட்டைத் தாண்டியபோது நகராட்சியிலிருந்து பஞ்சாயத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து தொலைத்தது. அந்த நேரத்தில் அது எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது கேட் திறந்தே கிடந்தது. தனபால் அண்ணன் சாவியை நீட்டினார்.

"தலைவரு இல்ல. இனிமே இத்த யார்கிட்ட குடுக்கறது சார்?"

வரதன் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு அடுத்தவரைப் பார்த்தேன். அடுத்தவர் மோகனைப் பார்த்தார். ஒரு கையும் நீளவில்லை. தனபால் அண்ணன் சாவியை மறுபடியும் கயிற்றிலேயே கட்டிக்கொண்டார்.

"எங்களை யாரு கேட்டாங்க?"

வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு சரோஜாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாவகாசமாகத் துண்டை நீட்டினாள்.

"ஆமா, தனபால் அண்ணன்கிட்டதான் இருக்கும். அவர்தானே ஏரிக்கரை வழியா முன்னாடியே வந்து திறப்பாரு."

"எப்போ?"

"ஊர்ல யாராவது செத்தாதான். நீங்கள்லாம் ரயில் ஏறின அப்புறம். மேளத்தைத் தெரு முனையிலயே நிறுத்திடுவாங்க, வெடி கிடையாது. சத்தமில்லாம போயிட்டு, கேட்டைப் பூட்டிடுவாங்க. நாங்க ஆளுக்குக் கொஞ்சமா பூவைக் கூட்டிடுவோம்."

"எத்தனை நாளா?"

"கேட் வெச்சதுலேர்ந்தே."

"ஏன் சொல்லலை?"

"சபாபதி சார் சொல்ல வேண்டாம்னாரு."

"சரி, இன்னிக்காவது சொல்லியிருக்கலாமே! பிணத்தைத் தோள்ல வெச்சுக்கிட்டு நாங்க பட்ட பாடு..."

சரோஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களை யாரு கேட்டாங்க? நாலு பேரா நின்னு சாவிக் கொத்தை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு போனீங்க. கேட்டுக்கிட்ட வரவே கூடாதுன்னு எங்களைப் பாதித் தெருவுலயே திருப்பி அனுப்பிட்டீங்க. அங்கேயிருந்து கத்தச் சொல்றீங்களா?"

நான் குடியிருந்த தெருவில் பகலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வரதனுக்கும் தெரியவில்லை. மாலையில் ரயிலிறங்கி வந்து, பூட்டு இழுபடும் சத்தத்தைக் கேட்டுத் திருப்தியாக வீட்டுக்குள் போயிருக்கிறோம். ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்காரருக்கும் தெரியாதாம். அவர் என்னைவிட அதிகமாக ஆடிப்போயிருந்தார்.

சில வருஷம் கழித்து நகராட்சி தார் ரோடு போட்டது. எல்லைவரைக்கும்தான் போடுவோம் என்று சரியாக கேட் வரை போட்டார்கள். அன்று கேட் எங்கள் பக்கமாகத் திறந்து கிடந்தது. திறந்தபடியே அதன் அடியில் தார் ஏறி உறைந்துவிட்டது. அதன் பிறகு அதைச் சாத்தவே முடியவில்லை. அதற்கும் ஒரு மனு எழுதினார் வரதன். எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் அது அவர் மேஜையிலேயே கிடந்தது.

ஆனால் அது பிற்பாடு. நான் முடிக்க நினைத்தது கருமாதி நாளோடு.

அன்று பந்தியெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கமலா அம்மா சபாபதி சாரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் முன் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. சார் அந்தச் சாவியை எப்போ தனபால் அண்ணன்கிட்ட குடுத்தாரு?"

"பூட்டின அன்னிக்கே தம்பி. நீங்கள்லாம் கேட்டுக்குக் கற்பூரம் காட்டிட்டுக் கிளம்பினீங்கல்ல? உடனே செருப்பை மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள போனாரு. குடுத்துட்டு வந்துதான் சாப்பிட்டாரு."

"அப்போ தினமும் சாயங்காலம் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தாரே, அது?"

"நீங்க வர்ற நேரம்னு கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் போவாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திறப்பதற்குத்தான் என்றால், அத்தனை பெரிய பூட்டு எதற்கு? அதைத்தான் கேட்டேன். "அவருக்கு இஷ்டமில்லைன்னா கேட்டே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே அம்மா. எதுக்கு வெச்சாரு?"

கமலா அம்மா என் முகத்தையே பார்த்தார். கோபமில்லை. இவ்வளவு நாள் கழித்து இதை ஒருவன் வந்து கேட்கிறானே என்ற திகைப்புதான் இருந்தது.

"நீங்கள்லாம் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னீங்களே தம்பி" என்றார்.